அலையாத்தியின் உயரமும் கணக்கில் வரட்டும்

அலையாத்திக் காடுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் அரசுகள் முன்வைப்பது பரப்பளவைத்தான். 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ‘மிஷ்டி’ என்ற அலையாத்தி நடவுத் திட்டத்தின் இலக்கும் 540 சதுர கி.மீ. என்றே வகுக்கப்பட்டது. இந்திய வன நிலை அறிக்கை காட்டின் அடர்த்தியையும் வகைப்படுத்துகிறது. ஆனால், மரங்கள் எவ்வளவு உயர்ந்திருக்கின்றன என்பது அதில் தெரிவதில்லை. அலையின் வேகத்தைத் தணிப்பதும் கார்பனைச் சேமிப்பதும் மரத்தின் வளர்த்தியைப் பெரிதும் சார்ந்தவை. குட்டையான புதர்கள் மூடிய ஒரு ஹெக்டேரையும் ஓங்கிய மரங்கள் நிற்கும் ஒரு ஹெக்டேரையும் ஒன்றாக எண்ணும் கணக்கு, காட்டின் உண்மை நிலையை மறைத்துவிடும்.

உயரத்தை அளக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம், 60 மீட்டர் இடைவெளியில் அமைந்த இரண்டு ரேடார் ஆன்டெனாக்களைக் கொண்டு 11 நாட்கள் பூமியை அளந்தது. ஒரே எதிரொலி இரண்டு ஆன்டெனாக்களையும் வந்தடைவதில் உள்ள நுண்ணிய வேறுபாட்டிலிருந்து மேற்பரப்பின் உயரம் கணக்கிடப்பட்டது. மலைக்காட்டில் இந்த அளவிலிருந்து தரையின் உயரத்தைக் கழித்தாக வேண்டும். அலையாத்திகளோ கடல்மட்டத்தை ஒட்டியே வேரூன்றுபவை. அங்கே கிடைக்கும் அளவு ஏறத்தாழ மரத்தின் உயரமே. இத்துடன் லேசர் அளவீடுகளையும் சேர்த்து, ஆய்வாளர் மார்க் சிமார்ட் தலைமையிலான குழு 2019இல் உலகளாவிய உயர வரைபடத்தை வெளியிட்டது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் 60 மீட்டரையும் தாண்டிய அலையாத்திகள் நிற்பதை அது பதிவுசெய்தது.

இந்த முறையின் மீது வைக்கப்படும் ஆட்சேபங்கள் நியாயமானவை. ரேடார் அலை இலைகளுக்குள் சற்றே புகுந்து திரும்புவதால் உயரம் குறைவாகத் தெரியலாம். ஓதமும் அளவைப் பாதிக்கும். சில மீட்டர் பிழை, குட்டையான காடுகளில் பெரும்பிழை. அதனால்தான் களத்தில் மரங்களை நேரில் அளந்து ரேடார் கணக்கைத் திருத்த வேண்டும் என்கிறோம். ரேடாரைக் கைவிட இது காரணமாகாது. களப்பணியாளர்கள் சேறும் கழியும் சூழ்ந்த காடு முழுவதையும் அளந்துவிட முடியாது. ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோள்களோ மேகத்தின் முன் செயலிழக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைச் சிதைத்தது பருவமழைக் காலத்தில்தான். மேகத்தை ஊடுருவும் ரேடாரே அத்தகைய நாட்களில் உதவும்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார் செயற்கைக்கோள், 12 நாட்களுக்கு ஒருமுறை அதே நிலத்துக்குத் திரும்புகிறது. உயரத்தை நேரடியாக அளப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டதல்ல அது. காட்டின் மாற்றத்தைத் தொடர்ந்து காட்டுவதே அதன் பலம். இந்தத் தொடர் கவனிப்பின் தேவையைப் பிச்சாவரம் உணர்த்துகிறது. அங்கே மரங்கள் வெட்டப்பட்ட இடங்கள் பள்ளமாகி, தேங்கிய நீர் உவர்ப்பேறியதால் காடு அழிந்தது. வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தை மீட்ட பிறகே கன்றுகள் பிழைத்தன. வளர்ச்சி தேங்குவதை முன்கூட்டியே அறிந்தால், நீரோட்டம் எங்கே தடைபட்டது என்று தேடவும் காலம் கிடைக்கும். எனவே, ஒவ்வொரு நடவுத் திட்டத்திலும் பரப்புடன் உயரத்தையும் அளந்து, ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்க வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை வைத்து வெற்றியை அறிவிக்கும் வழக்கம் அப்போதுதான் முடிவுக்கு வரும்.