எறும்பை விடுங்கள், முதலில் ஸ்பிரேயைக் கீழே வையுங்கள்!

ஒரு மழைக்காலத்தில் என் தங்கை வீட்டிலிருந்து போன் வந்தது. "மச்சான், கம்ப்யூட்டருக்குள்ள எறும்பு குடித்தனம் பண்ணுதுங்க. என்ன செய்யலாம்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. நான் வாயைத் திறப்பதற்குள், "மருந்து அடிச்சேன், டப்புன்னு ஒரு சத்தம். இப்போ ஆன் ஆகலை" என்றார். கேட்பதற்கு முன்பே வைத்தியம் முடிந்துவிட்டது!

பையனின் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர். எட்டு மாதம்கூட ஆகவில்லை. சர்வீஸ் சென்டரில் கேபினட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ளே பூச்சி இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. வாரண்டி கிடையாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் எறும்பைத் திட்டினார்கள். எனக்கு எறும்பின் மீது கோபம் வரவில்லை. எத்தனையோ நாளாக உள்ளே இருந்த எறும்பு அந்த சிஸ்டத்தை நிறுத்தவில்லை. ஒரு நிமிடம் அடித்த மருந்துதான் நிறுத்தியது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எறும்பு புகுந்த கம்ப்யூட்டர்களில் பலவற்றைக் கெடுப்பது எறும்பு அல்ல, பதற்றத்தில் நாம் செய்யும் வைத்தியம்.

எறும்பு ஏன் வருகிறது என்று முதலில் பார்ப்போம். பிளாஸ்டிக்கையும் வயரையும் தின்பதற்காக அது வருவதில்லை. அதற்கு வேண்டியது காய்ந்த, இருட்டான, குறுகலான, யாரும் தொந்தரவு செய்யாத ஓர் இடம். மழை பெய்து மண்ணுக்குள் தண்ணீர் இறங்கியதும் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அப்படி ஏறி வரும் எறும்புக்கு வெதுவெதுப்பான கேபினட் ஒரு மாளிகை. நாள் முழுவதும் சூடாகவே இருக்கும் இன்டர்நெட் ரூட்டர், யு.பி.எஸ். பெட்டி, டிவிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸ் எல்லாமே அப்படித்தான். இதற்கு மேல் நாமும் விருந்து வைக்கிறோம். முறுக்கைக் கடித்துக்கொண்டே டைப் செய்தால் கீபோர்டின் அடியில் போய்ச் சேர்வது எது? லேப்டாப்பில் சிந்திய டீயை மேலே துடைத்துவிட்டோம், சரி. கீகளுக்குள் இறங்கிய சர்க்கரை அங்கேயேதான் இருக்கிறது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கேபினட்டுக்குள் ஒரு பல்லியோ கரப்பானோ செத்துக் கிடந்தால் எறும்பு வரத்தான் செய்யும். அப்போது விரட்ட வேண்டியது எறும்பை அல்ல, எடுக்க வேண்டியது பல்லியை.

தூசி படக்கூடாது என்று கம்ப்யூட்டருக்குச் சட்டை தைத்துப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. சில வீடுகளில் வாரத்திற்கு ஒரு நாள்தான் அந்தச் சட்டை கழற்றப்படுகிறது. மீதி ஆறு நாளும் உள்ளே இருட்டு, அமைதி. எறும்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தினமும் பயன்படுத்துங்கள் என்பதுதான் என் யோசனை. காசு கொடுத்து வாங்கியது அதற்காகத்தானே!

எறும்பால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு அருகில், 2002ஆம் ஆண்டில் டாம் ராஸ்பெரி என்ற பூச்சி ஒழிப்பாளர் ஒரு புது வகை எறும்பைக் கவனித்தார். அவர் பெயரிலேயே அதை ராஸ்பெரி எறும்பு என்று அழைத்தார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த நைலாண்டேரியா ஃபல்வா என்ற இனம்தான் அது என்று 2012இல் உறுதியானது. கோடிக்கணக்கில் பெருகும் இந்த எறும்பு மின்சாரப் பெட்டிகளுக்குள் புகுந்து அடைத்துக்கொண்டது. ஓர் எறும்பு ஷாக் அடித்துச் சாகும்போது அதன் உடலிலிருந்து அபாய வாசனை வெளிப்படுகிறது. அந்த வாசனைக்கு மற்ற எறும்புகள் ஓடி வருகின்றன, அவையும் சாகின்றன, இன்னும் பல வருகின்றன. கடைசியில் செத்த எறும்புகளே குவியலாகச் சேர்ந்து சுவிட்சை இயங்கவிடாமல் செய்கின்றன. 2008இல் ஹூஸ்டனில் உள்ள நாசாவின் ஜான்சன் விண்வெளி மையமே இந்த எறும்பைச் சமாளிக்க ஆளை அழைக்க வேண்டியதாயிற்று.

நம் ஊரில் இதற்குச் சமமான காட்சியைத் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் பார்க்கலாம். பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடாது. எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியைத் திறந்தால் கான்டாக்ட்டுக்கு இடையில் எறும்பு நசுங்கிக் கிடக்கும். டக் டக் என்று சத்தம் கேட்கும் ஸ்டெபிலைசரிலும் யு.பி.எஸ்.ஸிலும் உள்ளே ரிலே என்ற சிறு சுவிட்ச் இருக்கிறது. அங்கேயும் இதே கதை நடக்கலாம். ஆகவே எறும்பு வரிசை ஸ்விட்ச் போர்டுக்குள்ளோ ஸ்டெபிலைசருக்குள்ளோ போகிறது என்றால், அதை அலட்சியம் செய்யாமல் மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கம்ப்யூட்டரின் மதர்போர்டு வேறு ரகம். அங்கே ஓடுவது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் போன்ற குறைந்த மின்சாரம். எறும்பு அதன் மேல் நடந்து போனால் உடனே எதுவும் வெடித்துவிடாது. அபாயமான இடம் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேலான டி.சி. மின்சாரமாக மாறுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அதனால் அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. மாப்பிள்ளை தண்ணீரில் கலந்த மருந்தை, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்து ஃபேன் வழியாக இந்தப் பெட்டிக்குள்தான் அடித்திருக்கிறார். டப் என்ற சத்தத்தோடு போனதே, அந்த மட்டில் தப்பித்தார்.

கடையில் விற்கும் டப்பா ஸ்பிரே மட்டும் நல்லதா? மருந்தை வெளியே தள்ளும் வாயு பெரும்பாலும் எரியும் தன்மை கொண்டது. எண்ணெய் போன்ற கரைப்பான் உள்ளவை போர்டின் மேல் பிசுபிசுப்பாகப் படிந்து தூசியை இழுக்கும். எறும்பு சாக்பீஸ், எறும்புப் பொடி, மஞ்சள் தூள் ஆகியவற்றைக் கேபினட்டைச் சுற்றிப் போடுகிறார்கள். ஃபேன் ஓடும்போது அந்தத் தூள் எங்கே போகும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

இன்னொரு பெரிய காரணமும் இருக்கிறது. வீட்டுக்குள் கூடு கட்டும் மிகச் சிறிய எறும்பு இனங்கள் சிலவற்றில் ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். மருந்து வாசனை பட்டதும் கூடு கலைந்து, ஆளுக்கொரு ராணியோடு வேறு வேறு இடங்களில் புதுக் கூடு போட்டுவிடும். கம்ப்யூட்டரில் அடித்தீர்கள், அடுத்த வாரம் டிவியிலும் ரூட்டரிலும் எறும்பு! மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொரு டப்பா வாங்குகிறோம்.

சரி, என்னதான் செய்வது? சிஸ்டம் ஓடுகிறது என்றால் முக்கியமான ஃபைல்களையும் போட்டோக்களையும் முதலில் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி செய்திடுங்கள். பிறகு முறைப்படி ஷட்டவுன் செய்து, பவர் கார்டு, மானிட்டர் கேபிள், நெட் கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இந்தக் கேபிள்கள்தாம் எறும்புக்குப் பாலம். கேபினட்டை வேறு அறையில் ஒரு ஸ்டூலின் மேல் வையுங்கள். லட்டு டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது நம் அம்மாக்களின் வழக்கம். அதேபோல் ஸ்டூலின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் சுவரைத் தொடும்படி ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால், உள்ளே இருப்பவை குச்சி வழியே இறங்கிப் போகும். கேபினட்டை அவ்வப்போது கையால் லேசாகத் தட்டுங்கள். அமைதி கெட்ட இடத்தில் எறும்பு தங்குவதில்லை. ஓரிரு நாள் பொறுமை வேண்டும். (கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். எறும்பை விரட்டப் போய்க் கொசுவை வளர்க்க வேண்டாம்!) வெயிலில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் வேர்த்துவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மானிட்டர் திரைக்குள் ஓர் எறும்பு ஊர்வது தெரிந்தால் கை தானாக அதை நசுக்கப் போகும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே நசுங்கிய எறும்பு கறுப்புப் புள்ளியாக அங்கேயே நின்றுவிடும், திரையைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது. மானிட்டரை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும்.

கூட்டை ஒழிக்க வேண்டுமானால் கம்ப்யூட்டருக்கு வெளியே, எறும்பு வரிசை வரும் பாதையில் இரை வைப்பதுதான் வழி. கேரம் போர்டில் போடும் போரிக் பவுடர் தெரியுமல்லவா? மெடிக்கல் ஷாப்பில் போரிக் ஆசிட் என்றே கேளுங்கள். 100 மில்லி வெந்நீரில் இரண்டரை தேக்கரண்டி சர்க்கரையும் கால் தேக்கரண்டி போரிக் பவுடரும் கலந்தால் ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல். பஞ்சில் நனைத்து ஒரு மூடியில் வையுங்கள். அதிகம் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். அதிகமானால் வந்த எறும்பு அங்கேயே சாகும், கூட்டுக்குக் கொண்டுபோகாது. மெதுவாக வேலை செய்வதுதான் இதன் பலமே. முதல் நாள் எறும்பு கூட்டமாக வந்து மொய்க்கும், பயப்பட வேண்டாம். ஆனால் இது விஷம். குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும், மீதிக் கரைசலைக் கொட்டிவிட வேண்டும். கைக்குழந்தை தவழும் வீடு என்றால் இதை விட்டுவிட்டு, பாதையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து ஓட்டையை அடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிளக்கில் செருகினால் ஒலி அலையால் பூச்சியை விரட்டும் என்று ஒரு கருவி விற்கிறார்கள். 2001ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இத்தகைய கருவிகளைத் தயாரித்து விற்கும் 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் ஆதாரம் இல்லாமல் இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தப் பணத்திற்கு நான்கு டப்பா போரிக் பவுடர் வாங்கலாம்.

கம்பெனிகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. வாரண்டி அட்டையின் பொடி எழுத்தில் "பூச்சிகளால் ஏற்படும் சேதம்" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எறும்பு இல்லாத வீடு நம் ஊரில் எங்கே இருக்கிறது? அசெம்பிள் செய்து தரும் கடைகளிலும் கேபினட்டின் பின்புறம் காலி ஸ்லாட்டுகளுக்கான தகடுகளைப் போடாமல் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். இரண்டு மில்லிமீட்டர் எறும்பை அது முழுதாகத் தடுக்காது என்பது உண்மைதான். பல்லியையும் கரப்பானையும் தடுக்கும், அவற்றைத் தேடி வரும் எறும்பும் குறையும்.

எறும்பு வந்தால் விண்டோஸை மறுபடியும் இன்ஸ்டால் செய்ய வேண்டும், டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே எறும்பு போக முடியாது. அதில் காற்றுக்காக ஒரு துளை இருந்தாலும் உள்பக்கம் ஃபில்டர் உண்டு. எஸ்.எஸ்.டி.யில் எல்லாமே அடைக்கப்பட்ட சிப்புகள்.

தங்கை வீட்டுக் கம்ப்யூட்டரையும் ஃபார்மட் செய்துதான் தருவோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி டிஸ்க்கைக் கழற்றி வாங்கி என் சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன். பையனின் பாடங்கள், அவன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் புதிதாகப் போட்டோம். எறும்பு வந்த வழி மேஜைக்குப் பின்னால் இருந்த நெட் கேபிள் துளை. வெள்ளை சிமெண்டில் அதை அடைப்பதற்கு முன் ஐந்து நாள் இரை வைத்தோம். மூன்றாம் நாளே வரிசை மெலிந்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும், அரை டப்பா மருந்து மீதி இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.