விழுங்கிவிட்டால் என்ன செய்வது?

காசையும் ஊக்கையும் விழுங்குவது குழந்தைகளின் வேலை என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். வளர்ந்தோரும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் அண்டர்சன் 1941ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவை நோக்கிக் கப்பலிற் செல்லும்போது வயிற்று வலியால் வருந்தினார். பனாமாவில் வைத்தியசாலை சேர்ந்தும் அவர் பிழைத்தாரில்லை. பிரேத பரிசோதனையில் வெளிப்பட்ட காரணம், அவர் விழுங்கிய ஒரு பற்குச்சி! அது குடலைத் துளைத்திருந்தது.

நம் வீடுகளில் அப்பற்குச்சியின் இடத்தில் இருப்பது மீன் முள். கட்டுப்பல் அணிந்த முதியோர்க்கு இதனால் ஆபத்து அதிகம். மேலண்ணம் மூடப்பட்டிருப்பதால் வாயிலுள்ள முள்ளை அவர்கள் எளிதில் உணர்வதில்லை. சிலவேளை கட்டுப்பல்லே கழன்று உள்ளே போய்விடுவதுமுண்டு.

முள் சிக்கியதும் நாம் செய்வது என்ன? சோற்றை உருட்டி விழுங்குகின்றோம். வாழைப்பழத்தை மெல்லாமல் இறக்குகின்றோம். முள் மேலும் ஆழமாய்க் குத்துவதற்கே இது வழியாகும். விரலை விட்டுத் துழாவுவதும், வாந்தியை வருவிப்பதும் தீங்கானவையே. உணவு செல்லும் களத்தின் சுவர் துளைபடுமாயின், கிருமிகள் நெஞ்சறைக்குட் புகுந்து உயிருக்கே உலை வைக்கும்.

ஆயினும் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. விழுங்கிய பொருள்களுள் 100க்கு 80க்குக் குறையாதவை தாமாகவே வெளியேறிவிடும். ஏனையவற்றை எடுக்க அகநோக்கிக் குழாய் இருக்கின்றது. 1868இல் ஜேர்மனிய வைத்தியர் குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணைகொண்டே நேரான குழாயொன்றை உள்ளே செலுத்திக் காட்டினார். வளையும் கண்ணாடியிழைக் குழாய் 1957இல் பசில் ஹிர்ஷோவிட்ஸ் முதலியோரின் முயற்சியால் வந்தது. இன்றோ குழாயின் நுனியிலுள்ள சிறு கமரா உள்ளிருப்பதைத் திரையிற் காட்டுகின்றது. குழாய்வழியே செல்லும் இடுக்கியோ வலையோ பொருளைப் பற்றிக்கொள்கின்றது. கூரிய பொருளாயின், களத்தைக் கீறாதபடி ஓர் உறைக்குள் இழுத்து வெளியே எடுக்கின்றனர். சத்திரசிகிச்சை வேண்டப்படுவது 100இல் ஒருவருக்கும் குறைவே.

இதிற் காலமே முக்கியம். எச்சிலையும் விழுங்க இயலாதவரும், கூரிய பொருளோ வட்ட மின்கலமோ களத்திற் சிக்கியவரும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். இயலுமாயின் 2 மணி நேரத்துள்ளும், பிந்தினும் 6 மணி நேரத்துள்ளும் அதனை எடுத்துவிட வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டியின் விதி. செல்லுமுன் எதையும் உண்ணலாகாது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒன்றுமில்லை என்று ஆறுதலடைவதும் தவறு. மரக்குச்சியும் உலோகமில்லாத கட்டுப்பல்லும் பெரும்பாலும் அதிற் தெரிவதில்லை. மீன் முள்ளும் பலவேளை தப்பிவிடும். வலி நீடிக்குமாயின் வைத்தியரை மீண்டும் நாடுக.

தளர்ந்த கட்டுப்பல்லைக் காலந் தாழ்த்தாது திருத்துவிப்போம். உறங்குமுன் கழற்றி வைக்கப் பழக்குவோம். 'பிள்ளைகள் சிரிப்பார்களே' என்று கூசி, நேர்ந்ததை மறைக்கும் பாட்டன்மாரும் பாட்டிமாரும் உளர். அவர்கள் உணவை வெறுத்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பாராயின், நகையாது நாமே அருகிருந்து விசாரித்தறிதல் வேண்டும்.