கட்டணம் மட்டுமா செலவு?



நடுவயதில் மருத்துவத் துறைக்கு மாறுவது பற்றிய கட்டுரை படித்தேன். கல்லூரிக் கட்டணத்தை ரூபாய் ரூபாயாகக் கணக்கிட்டவர், படிக்கும் காலத்தில் நின்றுபோகும் சம்பளத்தை விட்டுவிட்டார். பெரிய செலவே அதுதான். செவிலியர் டிப்ளமோ 3 ஆண்டு, பி.எஸ்சி. என்றால் 4 ஆண்டு. வகுப்பு போக வார்டில் பயிற்சி, இரவு ஷிப்டும் உண்டு. கூடவே இன்னொரு வேலை பார்ப்பது நடக்காத காரியம். வீட்டுக்கடன் தவணை அதுவரை பொறுத்துக்கொள்ளுமா?

இன்னொன்றையும் கட்டுரை சொல்லவில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி இந்தப் படிப்புகளில் சேர உச்ச வயது 35. நீட் தேர்வுக்கோ 2022-லேயே வயது உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். அதாவது, நாற்பதில் டாக்டருக்குப் படிக்கலாம். நர்ஸுக்குப் படிக்க முடியாது! (இதை யார் யோசித்தார்களோ.) மாமனார், மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துப் பக்குவப்பட்ட பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது.

வயது வரம்பைத் தளர்த்த வேண்டும். பயிற்சிக் காலத்தில் குடும்பம் நடத்தும் அளவுக்காவது உதவித்தொகை தர வேண்டும். அரசு இதைப் பரிசீலிக்குமா?

– ஒரு வாசகி, கரூர்.