எண்ணெய் போத்தலும் கரிக்கோச்சியும்



போன வாரம் எங்கள் விஞ்ஞானகூட மேசையில் ஒரு குட்டிக் கரிக்கோச்சி ஓடியது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தந்தது. வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. கொதிகலன், சிலிண்டர், பாதுகாப்பு வால்வு எல்லாம் உண்டு. கரிக்குப் பதில் பியூட்டேன் வாயு எரிகிறது, அவ்வளவுதான்.

ஹட்டன் காலைக் குளிர் தெரியும்தானே. தண்ணீர் ஊற்றி, நீராவி எண்ணெய் விட்டு, பற்ற வைத்தோம். கால் மணித்தியாலம் போயும் அமுக்கமானி முள் அசையவில்லை. சுவாலையும் சுருங்கிக்கொண்டே வந்தது. பெட்டியில் போட்டு மூடிவிடுவோம் என்று நினைத்தபோது தரம் 9 மாணவி ஒருத்தி கேட்டாள்:

"சேர், வீட்டுல தேங்காய் எண்ணெய் உறைஞ்சா போத்தல சுடுதண்ணியில வைப்போம். இதுக்கும் அப்படிச் செஞ்சா என்ன?"

நெருப்பை அணைத்து, வாயுத் தாங்கியைச் சுற்றி வெதுவெதுப்பான ஈரத் துணியைச் சுற்றினோம். மறுபடி பற்ற வைத்ததும் சுவாலை நிமிர்ந்தது. முள் 40 இறாத்தலுக்கு ஏறியது. முதலில் தண்ணீரைத் துப்பித் திக்கியது. கையால் முன்னும் பின்னும் தள்ளி சிலிண்டரைச் சூடாக்கியதும் சீரான சத்தத்தோடு ஓடியது.

எண்ணெய் உறைவதும் இதுவும் ஒன்றல்ல. திரவ பியூட்டேன் ஏறக்குறைய 0 பாகையில் கொதிப்பது. குளிர் கூடினால் அதன் அமுக்கம் குறையும். ஆவியாகும்போது தாங்கியின் சூட்டையும் அது எடுத்துக்கொள்ளும். ஆனால் வழியைக் கண்டுபிடித்தவள் அந்தப் பிள்ளைதான்.

அடுத்த கேள்வி ஒரு பையனிடமிருந்து வந்தது. ஹட்டனில் தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதிக்கிறதே, அப்போது மலையில் கோச்சிக்குப் பலம் குறைவா? இல்லை. மூடிய கொதிகலனில் 40 இறாத்தல் அமுக்கம் சேரும்போது தண்ணீர் 140 பாகைக்குக் கிட்டப் போய்விடுகிறது. அந்தப் பாடவேளை முடிந்ததே யாருக்கும் தெரியவில்லை.

பெற்றோர் சிலர் கேட்டார்கள், "இது சோதனைக்கு வருமா?" நியாயமான கேள்வி. சாதாரண தரப் பெறுபேறு நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் கடந்தகால வினாத்தாளை மட்டும் செய்யும் பிள்ளை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். தானாகக் கேள்வி கேட்கப் பழகாது.

1885இல் நானுஓயாவுக்கு ரயில் வந்தது. அங்கிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சின்னப் பாதையொன்றும் ஓடி, 1940களில் மூடப்பட்டது. கரிக்கோச்சியும் தேயிலைத் தொழிற்சாலையும் நம் ஊரை உருவாக்கியவை. நெருப்பையும் இயந்திரத்தையும் அறிந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

அதனால் நாம் கேட்பது இரண்டுதான். வாரத்தில் ஒரு பாடவேளையைக் கைவேலைக்கு விடுங்கள். தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் வேலை செய்யும் தகப்பன்மார், மாமாமார் ஒரு நாள் வகுப்புக்கு வாருங்கள். கேஸும் நெருப்பும் எங்கள் கையில் இருக்கும், பயப்பட வேண்டாம்.

அடுத்த மாதம் கோச்சி மறுபடி ஓடும், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகளோடு வாருங்கள்.