கையொப்பத்துக்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

மருத்துவ ஆய்வு ஒன்றில் சேருமாறு கேட்டு ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது, குடும்பத்தார் பெரும்பாலும் எங்களிடம் கேட்பவை இரண்டு: பக்கவிளைவு உண்டா? செலவு யாருடையது? மூன்றாவது ஒன்றையும் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இதே ஐயத்துக்கு விடை தேடி முன்னர் நடந்த ஆய்வுகளை எல்லாம் யாரேனும் திரட்டிப் பார்த்தார்களா?

இது ஏன் முக்கியம் என்பதற்குக் குறைமாதப் பிரசவ வரலாற்றிலேயே சான்று உண்டு. குழந்தை முன்கூட்டியே பிறந்துவிடும் என்ற நிலையில் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம்; கருவின் நுரையீரல் விரைந்து முதிர அது உதவுகிறது. 1972இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ், ஹோவி என்னும் இரு மருத்துவர்கள் இதைப் பற்றிய முதல் ஒப்பீட்டு ஆய்வை வெளியிட்டனர். அடுத்த பத்தாண்டுகளில் வேறு சில ஆய்வுகளும் நடந்தன. அவற்றுள் பல சிறியவை. தனியே பார்த்தால் உறுதியாக எதையும் கூறாதவை. ஆனால் அனைத்தையும் ஒருங்கே வைத்துக் கணக்கிட்டிருந்தால், இவ்வூசி குழந்தை இறப்பைக் குறைக்கிறது என்பது 1980களின் தொடக்கத்திலேயே புலப்பட்டிருக்கும். 1989 வரை அப்படியொரு மீளாய்வு வெளிவரவில்லை. அதுவரை பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள் ஊசியின் பயனை உணரவில்லை. மேலும் பல ஆய்வுகள் தொடங்கப்பட்டன. அவற்றில் சேர்ந்த தாய்மாருள் ஒரு பகுதியினர் ஊசி பெறாத குழுவில் வைக்கப்பட்டனர். பல்லாயிரம் குழந்தைகள் வீணே மாண்டிருக்கக்கூடும். அந்த முதல் ஆய்வுகளின் முடிவுகளைக் காட்டும் வரைபடமே, 1993இல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பின் சின்னமாக இன்றும் விளங்குகிறது.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளை, சாதகம் பாதகம் பாராமல், முன்கூட்டியே வகுத்த விதிப்படி தேடி எடுத்து, தரம் பிரித்து, ஒருசேர எடைபோடுவதே முறைசார் மீளாய்வு. 'புதிய ஆய்வு கூறுகிறது' என்று நாளிதழில் வரும் துணுக்கு இதற்கு நேர்மாறானது. அத்துணுக்கைக் கத்தரித்துக் கொண்டுவருவோரை நாங்கள் குறைகூறவில்லை. எங்களுள் சிலரும் அவ்வாறே மயங்குவதுண்டு.

மீளாய்வு வந்துவிட்டால் புதிய ஆய்வுக்கு இடமில்லை என்று எண்ணுவோர் எங்கள் துறையிலும் உள்ளனர். அதை நாங்கள் ஏற்கவில்லை. ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிய பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை வசதி மிக்க நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தவை. வசதி குறைந்த இடங்களுக்கு அம்முடிவு பொருந்துமா என்னும் இடைவெளி அப்படியே இருந்தது. 2015இல் வெளியான, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்த ஆய்வு ஓர் அதிர்ச்சியை அளித்தது. கிராமப்புறச் சூழலில் ஊசியைப் பரவலாக்கியபோது பச்சிளங்குழந்தை இறப்பு குறையவில்லை. மொத்தத்தில் சற்றுக் கூடியது. ஊசி பெற்ற தாய்மாருள் பலருக்குக் குழந்தை குறைமாதத்தில் பிறக்கவே இல்லை.

ஆகவே உலக சுகாதார நிறுவனம் அந்த இடைவெளியை மட்டும் குறிவைத்து ஓர் ஆய்வை நடத்தியது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில் 2,852 தாய்மார் பங்கேற்றனர். கர்ப்ப காலத்தைச் சரியாகக் கணித்து, பிறந்த குழந்தையைப் பேணும் வசதியுள்ள இடங்களே தெரிந்தெடுக்கப்பட்டன. ஊசி பெற்றோரின் குழந்தைகளில் 19.6 விழுக்காடும், பெறாதோரின் குழந்தைகளில் 23.5 விழுக்காடும் 28 நாட்களுக்குள் இறந்தன. பயன் தெளிவானதும் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது. முடிவு 2020இல் வெளியாயிற்று. அத்தாய்மார் அளித்த ஒப்புதலுக்குப் பொருள் இருந்தது என்போம்.

எனவே எங்களிடமும் அந்த மூன்றாவது கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். விடை உடனே கிடைக்காவிட்டால் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மறுநாள் பதில் கூறலாம். நீங்கள் மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எதுவும் குறையாது.