பனித்துளியிலிருந்து பரம்பரையலகு வரை

கடந்த காலபோகத்தின்போது எமது வகுப்பு மாணவன் ஒருவன், காலையிற் பறித்த நெல்லிலைகள் சிலவற்றைத் தாளிற் சுற்றிக் கொணர்ந்தான். நுனியிலிருந்து ஓரங்கள் வழியே அவை அலையலையாக மஞ்சளித்து வைக்கோல் நிறங்கொண்டிருந்தன. பசளை போதாமையென எண்ணி அவன் தந்தையார் மேலும் யூரியா தூவினாராம். நோய் முன்னிலும் விரைந்து பரவிற்றாம்.

நாம் இலையொன்றைக் குறுக்கே வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தினோம். சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு நூலிழையாக இறங்கிற்று. குற்றவாளி பசளைக்குறைவன்று, பற்றீரியாவே என்பது தெளிவாயிற்று. தழைச்சத்து மிகுந்தால் இவ்வகை நோய்க்குக் கொண்டாட்டந்தான். "எந்தப் பற்றீரியா, ஐயா?" என்று மாணவன் வினவினான். அதற்குக் குவளையைக் காட்டி விடையிறுக்க எம்மால் இயலவில்லை.

மண்ணின்மீது பழிபோட்டவர் அவன் தந்தையார் மட்டுமல்லர். யப்பானிலே, புக்குவோக்காப் பகுதி உழவர்கள் 1884 ஆம் ஆண்டில் இலைவெளிறல் நோயை முதன்முதல் அவதானித்தபோது, மண்ணின் அமிலத்தன்மையே காரணமென நம்பப்பட்டது. நோயுற்ற இலைகளில் நிற்கும் கலங்கிய பனித்துளிகளிற் பற்றீரியாத் திரள்கள் இருப்பதைத் தக்காயிஷி என்பார் 1908 இற் கண்டறிந்தார். அதன்பின் அந்நுண்ணுயிருக்கு வைத்த பெயர்கள் பல. முதலிற் பசிலசு, 1922 இற் சூடோமோனாசு, ஈற்றிற் சாந்தோமோனாசு ஒரைசே. மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது இப்பெயர். ஆய்வுகூடத்தில் அது மஞ்சட் கூட்டங்களாகவே வளர்கிறது.

இவ்வினத்திலே உடன்பிறந்தார் இருவர் உளர் என்பதே இடர்ப்பாடு. ஒருவன் இலையோரத்து நீர்த்துளைகளாற் புகுந்து, காழ்க் குழாய்களிற் பரவி, இலையை வெளிறச் செய்கிறான். மற்றவன் இலைவாய்களாற் புகுந்து, கலங்களுக்கிடையே தங்கி, நரம்புகளின் நடுவே கீற்றுக்களை உண்டாக்குகிறான். தொடக்கத்தில் வேறுபாடு தெரியும். நோய் முற்றிய பின்னரோ இலைகள் ஒன்றுபோலவே காய்ந்து கிடக்கும். குவளை நீரில் இருவரும் பாலையே கசிவர். மருந்து தெளித்து இந்நோய்களை மாற்றுவது அரிது. தாங்குந்திறனுள்ள நெல்லினத்தை விதைப்பதே வழி. ஒருவனைத் தாங்கும் நெல் மற்றவனையும் தாங்குமென்ற உறுதியில்லையாதலால், ஆளை மாறிக் கண்டால் அடுத்த போகமும் வீணாகலாம்.

முகம் பொய்த்தாலும் பரம்பரை பொய்ப்பதில்லை. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நூலென டி.என்.ஏ.யைக் கொள்வோமாயின், இப்பற்றீரியாவின் நூலில் ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துக்கள் உள. 2005 ஆம் ஆண்டில் அது முழுமையாக வாசிக்கப்பட்டது. பின்னர் உடன்பிறந்தார் இருவரின் நூல்களையும் கணினியில் ஒப்பிட்டு, ஒருவனிடம் மட்டுமே காணப்படும் பகுதிகளைத் தெரிந்தெடுத்து, 2010 இல் இருவரையும் பிரித்தறியும் சோதனையொன்றை அறிஞர்கள் வகுத்தனர்.

சோதனையின் அடிப்படை, கரி முல்லிசு என்னும் அமெரிக்கர் 1983 இற் கண்ட முறையாகும். 1993 இல் அவருக்கு நொபெல் பரிசும் கிடைத்தது. டி.என்.ஏ.யைச் சுமார் 95 பாகை வரை சூடாக்கினால் ஈரிழைகளும் பிரியும். ஆறவிட்டால், நாம் இடும் குறுந்துண்டுகள் தமக்கேற்ற எழுத்து வரிசையைக் கண்டாற்றான் ஒட்டும். ஒட்டிய இடத்திலிருந்து நொதியம் படியெடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இரட்டிக்கும். 30 சுற்றுக்களில் ஒன்று எத்தனையாகுமென மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். 107 கோடிக்கு மேல் வரும். தேடிய வரிசை இல்லையெனிற் படியுமில்லை. அத்தனை சூட்டையும் தாங்கும் நொதியத்தை முதலில் நல்கியதும், யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றில் வாழ்ந்த ஒரு பற்றீரியாவே! முள்ளை முள்ளால் எடுத்த கதைதான்.

உடன்பிறந்தாரைப் பிரிப்பதோடு இவ்வாசிப்பு நின்றுவிடவில்லை. வந்த ஊரையும் அது சொல்லும். ஆபிரிக்காவிலும் இலைவெளிறல் நோய் முன்னரே உண்டு. ஆயின் அங்குள்ள பற்றீரியா ஆசிய வகையினின்றும் வேறானது. 2019 ஆம் ஆண்டில் தன்சானியாவில் இந்நோய் மூண்டது. இலையைப் பார்த்தவர்க்கு அது பழைய நோயேதான். 2023 இல் வெளியான ஆய்வோ, வந்தது ஆசியக் கிளையைச் சேர்ந்ததெனவும், ஆபிரிக்க வகையிடம் இல்லாத ஆயுதங்கள் சிலவற்றை அது தாங்கியிருந்ததெனவும் காட்டிற்று.

எமது மாணவனின் தந்தையார் யூரியாவை நிறுத்தி, வரம்பை வெட்டி நீரை வடியவிட்டார். அவ்வயல் நெல்லை விதைக்கென வைப்பதில்லை என்றும் முடிவு செய்துள்ளாராம். மாணவனோ தன் கேள்வியை இன்னும் விட்டபாடில்லை.