வெறுங்கையால் பிடுங்கச் சொல்லாதீர்கள்!

ஒரு நல்ல மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் ஆகட்டும். தெருமுனைக் காலி மனை, சாக்கடை ஓரம், பைபாஸ் ரோட்டின் இரண்டு பக்கமும் பாருங்கள். கேரட் இலை மாதிரி, சாமந்தி இலை மாதிரி பச்சைப்பசேல் என்று ஒரு செடி முளைத்திருக்கும். முளைத்த ஒரு மாதத்தில் உச்சியெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ! பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். அதுதான் பார்த்தீனியம்.

1955-ல் புனேயில் கண்ணில் பட்ட செடி, இன்று நம் வாசல் வரை வந்துவிட்டது. அமெரிக்கக் கோதுமையோடு கப்பலேறி வந்தது என்று ஒரு கதை உண்டு. 'காங்கிரஸ் புல்' என்றுகூட ஒரு பட்டப்பெயர்! யார் கொண்டுவந்தால் என்ன, இப்போது நம் தலைவலி.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை 'பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரம்' என்று நாடு முழுக்க நடக்கிறது. நல்ல காரியம். எனக்கு ஆட்சேபம் அதில் இல்லை. முகாம் என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "ஆளுக்குப் பத்துச் செடி பிடுங்குங்க" என்று சில இடங்களில் வெறுங்கையோடு இறக்கி விடுகிறார்களே... அதில்தான்.

இந்தச் செடியின் இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் மெல்லிய ரோமங்கள் இருக்கின்றன. 'பார்த்தெனின்' என்ற ரசாயனம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை. முதல் நாளே அரிப்பு வந்துவிட்டால் நாமே உஷாராகிவிடுவோம். ஆனால் பெரும்பாலும் அப்படி வராது. பலமுறை, பல மாதம், சிலருக்குப் பல வருஷம் தொட்டுத் தொட்டுப் பழகிய பிறகுதான் உடம்பு அதை எதிரியாக நினைக்க ஆரம்பிக்கும். ஆகவே, "நான்கூடத்தான் பிடுங்கினேன், ஒண்ணும் ஆகலையே!" என்று சொல்கிறவரின் பேச்சை நம்பி இறங்காதீர்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது லேசில் விடாது. பலருக்கு ஆயுசுக்கும் கூடவே வருகிறது.

பிறகு செடியைத் தொடக்கூட வேண்டாம். காய்ந்த செடியின் தூசு காற்றில் வந்தாலே போதும். கண் இமை, கழுத்து, காதுக்குப் பின்புறம், முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து, அரித்து, நாளாக நாளாகத் தோல் தடித்துப் போகும். வெயில் பட்டால் சிலருக்கு இன்னும் எரியும். பூவின் மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மல், மூக்கொழுகல், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு. "சோப்பு ஒத்துக்கலை போல" என்று மாதக்கணக்கில் சோப்பை மாற்றிக்கொண்டே இருக்காமல், தோல் டாக்டரிடம் போனால் 'பேட்ச் டெஸ்ட்' செய்து கண்டுபிடித்துவிடுவார். இன்னொரு விஷயம்: சாமந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத சிலருக்குச் சாமந்திப் பூவும் ஒத்துக்கொள்ளாது. பூஜைக்குப் பூக்கட்டும்போது விரலும் முகமும் அரித்தால், இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் வருஷத்தில் ஒரு நாள் பிடுங்குகிறார்கள். தெரு சுத்தம் செய்யும் தொழிலாளிக்கு அது தினசரி வேலை. காலனிக்காரர்கள் நாம் என்ன செய்கிறோம்? செடி முழங்கால் உயரம் வளர்ந்து, பூத்து, கொசு வந்த பிறகு போன் போட்டுச் சத்தம் போடுகிறோம். வருகிற ஆள் வெறுங்கையால் அரிவாளைப் பிடித்து அறுத்து, சாலை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகிறார். கையில் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அரிப்பு அவருக்கு, பாவம்! விதை நமக்கு. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். காற்றிலும் மழைத் தண்ணீரிலும் லாரி டயரிலும், ரோடு போடக் கொட்டும் மண்ணிலும் அது ஊர் சுற்றும். அறுத்த அடிக்கட்டை வேறு மறுபடி துளிர்க்கும். ஆக, பூத்த பிறகு அறுத்துப் போடுவது களையெடுப்பே அல்ல. அடுத்த மழைக்கு விதைப்புதான்.

செய்ய வேண்டியது, பூக்கும் முன்பே பிடுங்குவது. மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு சுலபமாக வரும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்தில் மாஸ்க் அவசியம். வேலை முடிந்ததும் அந்தத் துணியைத் தனியாகத் துவைத்து, சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்ததென்றால் பையில் கட்டிக் கொண்டுபோய்க் குழியில் புதையுங்கள். கொளுத்த வேண்டாம், புகை அக்கம்பக்கத்து ஆஸ்துமாக்காரர்களைப் படுத்திவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, வெயில் நேரத்தில் இலை நனையத் தெளித்தாலும் செடி கருகும். ஆனால் உப்பு மண்ணைக் கெடுக்கும். மரத்தடியிலோ தோட்டத்திலோ வேண்டாம். களைக்கொல்லி கேட்டுக் கடைக்கு ஓடுவதிலும் எனக்குச் சம்மதமில்லை, பிள்ளைகள் விளையாடுகிற தெரு அது.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி அதுதான் வரும். அங்கே தகரை, ஆவாரை, கொழுஞ்சி விதைகளை மழைக்கு முன்னால் தூவிவிட்டால், அவை வளர்ந்து பார்த்தீனியத்தை அமுக்கிவிடும். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984-ல் பெங்களூரில் திறந்துவிட்ட ஒரு சின்ன வண்டும் நம் கட்சி. மழைக்காலத்தில் கூட்டமாக இந்த இலையை மொய்த்துத் தின்றுகொண்டிருக்கும். பூச்சி என்று மருந்தடித்துக் கொன்றுவிடாதீர்கள்!

அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் பெயின்ட், லிஃப்ட் சமாச்சாரங்களுக்கு முன்னால் இதைப் பேசுங்கள். தெருவுக்கு ஐந்து ஜோடி கையுறை வாங்கி வாட்ச்மேன் ரூமில் வைக்க என்ன பெரிய செலவு? துப்புரவு ஆள் வரும் நாளில் அதை எடுத்துக் கொடுங்கள். முகாம் என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தால், "கையுறை உண்டா சார்? பூ விட்ட செடியா, விடாத செடியா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் இழுப்போ தோல் அலர்ஜியோ உள்ள பிள்ளை இருந்தால், கையுறையே கொடுத்தாலும் அனுப்பாதீர்கள்.